ஆறு மணி பஸ்ஸில் நான்கு கொலைகாரர்கள்

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்வந்த காலத்தில் எனக்கு வீட்டு ஆட்களை விட பஸ் ஆட்களைத்தான் நன்றாகத் தெரியும். எண்பதுகளின் தொடக்கம் அது. காலையில் எந்த பஸ் கிடைக்கிறதோ அதில் தொற்றிக்கொள்வேன். சாயங்காலம் மட்டும் சிம்மக்கல்லில் புறப்படுகிற ஆறு மணி டவுன் பஸ்தான். அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். யார் எந்த சீட்டில் உட்காருவார்கள், யார் கோச்சடை வருவதற்குள் தூங்கிப்போவார்கள் என்பதெல்லாம் எங்களுக்குள் மனப்பாடம்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் துப்பறியும் கதைப் பைத்தியம். நாற்பதை நெருங்கிய ஆள், நல்ல உயரம், மேற்கே விக்கிரமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலைக்கு வந்தபின் சோழவந்தானில் குடியிருந்தார். தோள்பைக்குள் சில்லறைக்கு அடியில் ஒரு மாத நாவல் எப்போதும் மடிந்து கிடக்கும். கடைசிப் பக்கங்களைத் தவறிக்கூடப் பார்த்துவிடக் கூடாது என்று அவற்றை மட்டும் தனியாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். முக்கால்வாசி படித்ததும் கொலைகாரன் இன்னான் என்று ஒரு முடிவுக்கு வருவார். அதை என்னிடமோ பக்கத்து சீட்டு ஆளிடமோ சொல்லிவிட்டுத்தான் ரப்பர் பேண்டைக் கழற்றுவார். மறுநாள் பெரும்பாலும் முகம் வாடியிருக்கும்.

“கதை எழுதுனவரு ஏமாத்திப்புட்டாரு தங்கச்சி” என்பார்.

இப்படி இருக்கையில், மதுரையில் ஒரு தியேட்டரில் பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படம் ஒன்றை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். மலை மேல் ஒரு பங்களா. அதில் ஒரு ஜமீன்தார் பூட்டின அறைக்குள் செத்துக்கிடக்கிறார். தொப்பி போட்ட துப்பறிவாளர் ஒருவர் காரில் வந்து இறங்கி, சமையற்காரர், குடும்ப வைத்தியர், வக்கீல், மகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் என்று ஒவ்வொருவரையும் சந்தேகப்படுகிறார். சுவரொட்டியில் ‘முடிவை யாருக்கும் சொல்லாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மதுரைக்காரர்களிடம் இப்படி ஒன்றைக் கேட்டுக்கொள்ள அந்தத் தியேட்டர்காரர்களுக்கு எப்படித் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

மேட்னி முடிந்து வருகிற கூட்டத்துக்கு வாகான நேரத்தில் எங்கள் பஸ் புறப்படும். முதல் நாளே வெற்றிலைக்கார அக்கா கூடைகளோடு ஏறினார். சோழவந்தானில் குத்தகைக்குக் கொடிக்கால் வைத்திருந்தவர் அவர். காலையில் கூடை நிறைய வெற்றிலை கொண்டுவந்து மதியத்துக்குள் விற்றுவிட்டு, மிச்சப் பொழுதை சினிமாவில் கழித்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்புவது அவருடைய வழக்கம். பார்த்த படத்தை வாயில் அடக்கிவைக்கிற பழக்கம் அவருக்கு அறவே கிடையாது.

“அடி ஆத்தி! கடைசியில பாத்தா, அந்தக் கொலையப் பண்ணுனது…” என்று ஆரம்பித்தார்.

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். காதைப் பொத்திக்கொள்ளக் கை ஒழியவில்லை, வாயில் விசில் இருந்தது, அதனால் ஊதினார். ஆனால் ஒரு விசில் என்றால் டிரைவர் பஸ்ஸை நிறுத்தியாக வேண்டும். கோச்சடை தாண்டி, இரண்டு பக்கமும் வயல். டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். நின்றுகொண்டு வந்தவர்கள் எல்லாரும் மொத்தமாக முன்னால் போய்விட்டுப் பின்னால் வந்தார்கள்.

“யாருய்யா எறங்குறது?” என்று டிரைவர் கேட்டார்.

“யாரும் எறங்கலண்ணே. போலாம் ரைட்.”

பிறகு கண்டக்டர் நடுவில் வந்து நின்று எல்லாருக்குமாகச் சொன்னார். “இந்தா பாருங்க, நான் இன்னும் படம் பாக்கல. வீட்டுக்காரி அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா. வந்ததும் ரெண்டு பேரும் சேந்து போறதாப் பேச்சு. அடுத்த வாரம்தேன் எனக்கு லீவு. அதுவரைக்கும் படத்தப் பத்தி என்ன வேணும்னாலும் பேசுங்க. கொலைகாரன் மட்டும் யாரு வாயிலயும் வரப்படாது.”

சரி என்றோம். சரி என்றுதான் எல்லாருமே சொன்னோம்.

அன்றிலிருந்து எங்கள் பஸ்ஸில் அந்தப் படம் தினமும் ஓடியது. வெற்றிலைக்கார அக்காவுக்குத் துப்பறிவாளரைப் பிடிக்கவே இல்லை. “வந்ததுலருந்து போறது வரைக்கும் அந்தாளு ஒரு வாய் சோறு திங்கல. புகைய விட்டுக்கிட்டே திரியுறான். பசிச்ச வயித்துல மூளை எப்படி ஓடும்கிறேன்?” என்றார். கதாநாயகி தூங்கி எழும்போது தலையில் பூ நசுங்காமல் இருந்ததையும் அவர் மன்னிக்கவில்லை.

டிரைவர் தன் லீவு நாளில் படம் பார்த்திருந்தார். அவருக்கு மனிதர்கள் முக்கியமில்லை, கார்தான் முக்கியம். “கொண்டை ஊசி வளைவுல ஒரு கையில ஸ்டீரிங்கு, மறு கையில துப்பாக்கி. கியரை யாரு மாத்துனது? பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மாவா?” என்று ரோட்டைப் பார்த்தபடியே கத்துவார்.

மேலக்கால் வரை வருகிற அறிவியல் வாத்தியார் ஒருவர் உண்டு. டவுனில் ஹைஸ்கூல் வேலை. மிகவும் மெதுவாகப் பேசுவார். பொய் பேசவே மாட்டார் என்று பெயர் எடுத்தவர். படத்தில் காட்டிய விஷம் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது என்பது அவருடைய வருத்தம். “குறைஞ்சது அரைமணி நேரமாவது துடிச்சிருக்கணும்” என்பார். “அம்புட்டு நேரம் துடிச்சா யாரு சார் உக்காந்து பாக்குறது?” என்று அக்கா கேட்பார்.

நானும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போய்ப் பார்த்திருந்தேன். வீட்டுக்குள் பிணம் கிடக்கையில் தோட்டத்தில் இரண்டு பேர் டூயட் பாடுகிறார்களே, அதை அந்த ஊர் போலீஸ் எப்படிச் சும்மா விட்டது என்பது என்னுடைய கேள்வி.

கண்டக்டர் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவார். தொல்லை என்னவென்றால், எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி அந்த ஒரு இடத்துக்குத்தான் போய்ச்சேரும். “அதனாலதேன் அந்த…” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். விசில் வந்துவிடும். பஸ் நின்றுவிடும். துவரிமானுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. ஒரு நாள் வாழைத்தோப்புப் பக்கம் சும்மா நின்ற பஸ்ஸைப் பார்த்துவிட்டு, தோப்பில் வேலை பார்த்தவர்கள் உதவிக்கு ஓடிவந்தார்கள். பஸ்ஸுக்கு ஒன்றுமில்லை, உள்ளே சினிமா பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் சொன்னதை நான் எழுத முடியாது.

அன்றைக்கு டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். “மாப்ள, இனிமே ஒரு தடவ ஆள் எறங்காம விசில் ஊதுன, கொலைகாரன் யாருன்னு நானே கத்திச் சொல்லிப்புடுவேன்.”

“அண்ணே, அப்படி மட்டும் செஞ்சிறாதீக. அது பாவம்ணே.”

“நடுரோட்டுல பஸ்ஸ நிப்பாட்டுறது புண்ணியமா?”

மறுநாள் பஸ் புறப்படுவதற்கு முன், கண்டக்டர் டீ குடிக்கப் போன நேரத்தில், நான்தான் ஒரு யோசனை சொன்னேன். பேசாமல் இருக்க நம்மால் முடியாது. ஆளுக்கு ஒரு கொலைகாரனைச் சொல்லிவிடுவோம். நான்கு பேர் நான்கு ஆளைச் சொன்னால் எது உண்மை என்று அவருக்கு எப்படித் தெரியும்? படம் கெடாது, பஸ்ஸும் நிற்காது.

வெற்றிலைக்கார அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. “நான் சமையக்காரன எடுத்துக்கிறேன்” என்றார், கடையில் கத்தரிக்காய் பொறுக்குவது மாதிரி. டிரைவர் வைத்தியரை எடுத்துக்கொண்டார். எனக்கு வக்கீல். மிச்சம் இருந்தது வீணை வாத்தியார். நிஜத்தில் கொலை செய்தது அவர்தான். கிராமபோனில் வீணை இசைத்தட்டைப் போட்டுவிட்டு, எல்லாரும் அவர் அறைக்குள் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகையில், ஜன்னல் வழியாக இறங்கிப் போய் ஜமீன்தாருக்கு விஷம் கொடுத்துவிட்டு வருவார்.

எங்கள் அறிவியல் வாத்தியார் தலையை ஆட்டினார். “நான் பொய் சொல்றதில்லம்மா.”

“நீங்க பொய் சொல்ல வேணாம் சார். வீணை வாத்தியார்னு உண்மையவே சொல்லுங்க. மத்த மூணு பொய்யை நாங்க பாத்துக்கிறோம்” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். அதில் குற்றம் எதுவும் அவருக்குத் தட்டுப்படவில்லை. ஆனாலும் அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

பஸ் நகர்ந்ததும் ஆரம்பித்தோம். “என்ன இருந்தாலும் அந்தச் சமையக்காரன் இப்படிச் செஞ்சிருக்கப்படாது” என்று அக்கா அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். கண்டக்டர் கை விசிலுக்குப் போவதற்குள், “சமையக்காரனா? வைத்தியருல்ல குத்தவாளி!” என்று டிரைவர் முன்னாலிருந்து கத்தினார். “ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா? வக்கீல்தானே” என்றேன் நான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். கடைசியாக வாத்தியார், காது மடல் சிவக்க, ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே, “வந்து… வீணை… வீணை வாத்தியார்தான்” என்றார்.

கண்டக்டர் எங்கள் நாலு பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். விளையாட்டு அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். “ஓகோ! அப்படி வாரீகளா? வாங்க.”

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அவர் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். படத்தை அல்ல, எங்களை. டிக்கெட் கொடுக்கிற சாக்கில் ஒவ்வொருவரிடமும் வந்து, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்பார். அந்த வக்கீல் எந்தக் கையால் பேனா பிடித்தார், வைத்தியர் பங்களாவுக்கு எப்போது வந்தார் என்று. நாங்களும் அவரவர் கொலைகாரனுக்கு வேண்டிய சாட்சியத்தை அங்கேயே உண்டாக்கிக் கொடுத்தோம். டிரைவர் தன் வைத்தியருக்குக் கடன் தொல்லை வைத்தார். என் வக்கீலுக்கு நான் ஒரு பொய் உயிலும் ஒரு கள்ளக்காதலியும் கொடுத்தேன். அந்தப் படத்தை எடுத்தவருக்கே இவ்வளவு தோன்றியிருக்காது.

இரண்டு நாள் கழித்து கண்டக்டர் என் சீட்டுப் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். “கண்டுபிடிச்சிட்டேன் தங்கச்சி. சமையக்காரன்தேன்.”

“எப்படிண்ணே?”

“வாத்தியாரு பொய் சொல்லாத மனுசன். அவரு சொல்லும்போது பாத்தீல்ல? காது செவந்து போச்சு, வேர்த்துப் போச்சு, பேச்சு திக்குது. அவரு சொன்னது பொய்யி. அப்ப வீணை வாத்தியாரு இல்ல. நீயும் டிரைவரும் ரெம்ப விவரமாப் பேசுறீக. உண்மையச் சொல்றவுக அம்புட்டு விவரம் பேச மாட்டாக. அந்த அக்கா மட்டும் ஒத்தை வார்த்தையில சொல்லிட்டு வெத்தலையப் போட்டு மெல்ல ஆரம்பிச்சிருச்சு. அதுதேன் உண்மை.”

அவருடைய கணக்கில் ஒரு குறையும் இல்லை. விடை மட்டும்தான் தப்பு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமினேன்.

அவர் மனைவியோடு மேட்னி போகிற நாள் தெரிந்ததும், அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டுமே என்று அக்கா சொன்னார். சொன்னதுதான் தாமதம். நான் அரைநாள் லீவு போட்டேன். டிரைவருக்கும் அன்றைக்குத்தான் லீவு. அறிவியல் வாத்தியார், விஷம் கொடுக்கிற காட்சியை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவர்களுக்கு இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் உட்கார்ந்தோம். கண்டக்டர் சலவைச் சட்டை போட்டிருந்தார். அவர் மனைவி ஒல்லியான பெண், தலை நிறைய மல்லிகை, மடியில் முறுக்குப் பொட்டலம். படம் தொடங்கியதும் கண்டக்டர் ஒவ்வொரு ஆளாகக் கை நீட்டிக் காட்டி மனைவிக்கு விளக்கினார். சமையற்காரர் வந்தபோது மட்டும் முழங்கையால் ஒரு இடி இடித்தார். இடைவேளையில் மனைவிக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நாங்கள் குனிந்துகொண்டோம். அக்கா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டதில் ஏதோ துக்க வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு விளக்கு அணைந்தது. மேலே காற்றாடி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடி சரிந்து, மனைவியின் தோளில் போய்த் தங்கிவிட்டது.

“ஐயையோ, தூங்குறான்யா!” என்றார் டிரைவர்.

திரையில் துப்பறிவாளர் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டுவிட்டார். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குனிந்தபடி அவர்கள் வரிசைக்கே போய், “ஏ, எழுப்பு தாயி! முடிவு வரப்போகுது!” என்று கிசுகிசுத்தார். நானும் பின்னாலேயே போயிருந்தேன். அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஊர் முகம் என்பதால் அக்காவை அவருக்குத் தெரிந்திருந்தது. உதட்டில் விரல் வைத்தார்.

“வேணாம்க்கா. காலையில மொத பஸ்ஸுக்கு எந்திரிச்சு ஓடுற மனுசன். வீட்டுல படுத்தாக்கூட இப்படித் தூங்க மாட்டாரு. தூங்கட்டும்.”

நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தோம். திரையில் இசைத்தட்டு அகப்பட்டது, வீணை வாத்தியார் ஓடினார், கூட்டம் விசிலடித்தது. அத்தனை விசிலுக்கும் அவர் அசையவில்லை. அவர் மனைவி தோளை அசைக்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் விசில் ஊதுகிற மனிதர் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதைப் பார்த்ததும், அவர் முகம் மாறுவதைப் பார்க்கிற ஆசை எனக்குப் போய்விட்டது. படம் முடிந்து நாற்காலிகள் படபடவென்று மடங்குகிற சத்தத்தில்தான் அவர் விழித்தார். நாங்கள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தோம்.

மறுநாள் பஸ்ஸில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டிக்கெட் கொடுக்கும் முன்பே அறிவித்தார். “சமையக்காரன்தேன்! நான் சொன்னேனா இல்லையா தங்கச்சி? ஆரம்பத்துலயே அவன் முழி சரியில்ல!”

டிரைவர் வண்டியைக் கிளப்ப மறந்து திரும்பிப் பார்த்தார். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலில் சமாளித்தது அக்காதான். “நாந்தேன் அன்னைக்கே சொன்னேனே தம்பி” என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கண்டக்டரின் மனைவிதான் அவர் மனம் நோகக் கூடாது என்று சமையற்காரன் என்று சொல்லியிருக்க வேண்டும் என எங்களுக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணின் வார்த்தையை நாங்கள் எப்படிப் பொய்யாக்குவது?

ஆனால் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் யாராவது புதிதாகப் பார்த்துவிட்டு ஏறினார்கள். ஒரு நாள் துவரிமானில் இறங்குகிற காலேஜ் பையன் ஒருவன், “அந்த வீணை வாத்தியார் நடிப்பு பிரமாதம், கடைசி வரைக்கும் அவன்தான் கொலைகாரன்னு தெரியவே இல்ல” என்று நண்பனிடம் சொல்லிக்கொண்டு வந்தான். கண்டக்டர் நின்றார்.

“தம்பி, பஸ்ஸ விட்டுருவோம்னு பாதியில எந்திரிச்சு வந்துட்டியா?”

“இல்லண்ணே, கடைசி வரைக்கும் பாத்தேன்.”

“கடைசி வரைக்கும் பாத்தவன் இப்படிச் சொல்ல மாட்டான். அண்ணே, யாருண்ணே கொலைகாரன்?” என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் கியரை ஒரு கரகரப்போடு மாற்றினார். “சமையக்காரன்.”

“தங்கச்சி?”

“சமையக்காரன்தாண்ணே.”

அந்தப் பையன் இறங்கும்போது, தான் பார்த்தது வேறு படமோ என்கிற குழப்பத்தோடுதான் இறங்கினான். பாவம் வாத்தியார்தான். நாலு பேரில் உண்மை சொன்னவர் அவர் ஒருவரே. கண்டக்டர் சாட்சிக்குத் தன்னைக் கூப்பிடப்போகிறார் என்று தெரிந்தால் ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி, வயல் வரப்போடு வீட்டுக்கு நடந்துவிடுவார். படம் தியேட்டரை விட்டுப் போன பிறகுதான் மேலக்கால் வரை டிக்கெட் எடுக்க ஆரம்பித்தார்.

அந்த வருடம் மழைக்காலத்தில், சோழவந்தானில் ரேஷன் கடை வரிசையில் கண்டக்டரின் மனைவி எனக்கு முன்னால் நின்றிருந்தார். சீமெண்ணெய் வர நேரமாகும் என்றார்கள். பேச்சுக்கொடுத்தேன். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டும் விட்டேன்.

“மதினி, அன்னைக்கு அண்ணன்கிட்ட சமையக்காரன்னு சொன்னீங்களே, அவர் மனசு நோகக் கூடாதுன்னுதானே?”

அவர் கேனைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் என்னத்தக் கண்டேன் தாயி. அவரு தலை நழுவிறப்படாதேன்னு அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன். படத்த எங்க பாத்தேன்? வெளிய வந்ததும், சமையக்காரன்தானேன்னு கேட்டாரு. அம்புட்டு உறுதியாக் கேக்குறாரு, அப்ப அதுதேன் போலன்னு ஆமான்னுட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “ஏன், அவன் இல்லையா?”

வரிசை நகர்ந்தது. அவர் கேனையும் சேர்த்து நானே தூக்கிக்கொண்டேன்.

“அவன்தான் மதினி” என்றேன்.